வானொலியின் செலவை யார் ஏற்பது?



1925ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள், வெலிக்கடையிலே அமைந்த கொழும்பு வானொலி நிலையத்தைத் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் திறந்து வைத்தார். அதற்கு இரண்டாண்டுகட்கு முன்னரே தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், மத்திய தந்திக் கந்தோரின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து பரீட்சை நடத்தியிருந்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டே அவர் தமது ஒலிபரப்புக் கருவியை அமைத்தார். அந்நிலையம் திறக்கப்பட்டு 2025 டிசம்பரோடு நூறாண்டுகள் நிறைவெய்தின. இந்நூறாண்டினுள் அது பெயரை மாற்றியது; இடத்தை மாற்றியது; ஆளும் கையும் பலமுறை மாறியது. ஆயின் பிறந்த அன்றே எழுந்த ஒரு வினாவிற்கு மட்டும் இன்றுவரை உறுதியான விடை கிட்டவில்லை. அது பணத்தைப் பற்றிய வினா. காற்றிலே செல்லும் குரலுக்குரிய செலவை யாரிடம் வாங்குவது?

சந்தையிலே கடைக்காரன் அரிசியை நிறுத்துக் கொடுக்கிறான். காசு தராதவனுக்கு இல்லை என்கிறான். வானொலிக்கு அது இயலாது. ஒருவன் கேட்டதால் மற்றவனுக்குக் குறைவதுமில்லை. கேளாதே என்று எவரையும் தடுக்கவும் முடியாது. ஆகவே கேட்பவனிடமன்றி வேறெங்கேனும் பணத்தைத் தேடவேண்டும், அல்லது கேட்பவனிடம் வாங்குவதற்கு ஒரு சூழ்ச்சி காணவேண்டும். பிரித்தானியர் இரண்டாவது வழியை நாடினர். 1922இல் தோன்றிய அவர்களது ஒலிபரப்புக் கம்பனி, வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் பத்துச் சிலிங் கொடுத்துப் பெறும் அனுமதிப்பத்திரத்தை நம்பி வாழ்ந்தது. 1927இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அமெரிக்கர் முதலாவது வழியிற் சென்றனர். அதே 1922இல் நியூயோர்க் நிலையமொன்று தனது நேரத்திற் பத்து நிமிடத்தை வீடு விற்கும் நிறுவனமொன்றிற்கு விலைக்குக் கொடுத்தது. உலக வானொலி இன்றளவும் இவ்விரு வழிகளுக்கும், அரசினரின் திறைசேரி என்னும் மூன்றாவது வழிக்கும் இடையிலேயே அலைந்து கொண்டிருக்கிறது.

இலங்கை பிரித்தானியரின் குடியேற்ற நாடாதலின் அனுமதிப்பத்திர முறையே இங்கும் வந்தது. அம்முறை ஏழை நாடுகளில் எவ்வாறு தடுமாறும் என்பதற்கு அயலிலேயே சான்றுண்டு. 1927 ஜூலை 23இல் பம்பாயிலே தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பனி, பத்து ரூபா அனுமதிக் கட்டணத்திற் பெரும்பங்கைப் பெற்றும், பத்திரம் எடுத்தோர் சில ஆயிரம் பேரே ஆனமையால் 1930இல் முறிந்து போயிற்று. அரசினர் அதனைப் பொறுப்பேற்க நேர்ந்தது. சென்னையிலோ கதை வேறு விதமாய் நடந்தது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் 1924இல் நிறுவிய வானொலிச் சங்கம் மூன்றாண்டுகளிற் பணமின்றி ஓய்ந்தது; அதன் கருவியை ஏற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் தன் செலவிலேயே ஒலிபரப்பை நடத்தியது. பெட்டி வாங்க வசதியற்ற மக்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பாடசாலைகளுக்கென நிகழ்ச்சிகள் ஒலித்தன. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும்வரை அது நீடித்தது. தெருவிளக்கிற்கும் குடிநீருக்கும் வரி வாங்கும் ஒரு நகரசபை, அவ்வரிப்பணத்தில் இசையும் பாடமும் வழங்கலாம் என்று அக்காலத்தே எண்ணியதை நான் பெரிதாக மதிக்கிறேன். நமது நாட்டு நகரசபைகள் எவையும் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. குப்பை அள்ளுவதற்கே அவற்றிற்குப் பணம் போதவில்லை என்பது வேறு விடயம்.

இலங்கையிலே அனுமதிப்பத்திரத்தைத் தபாற்கந்தோரில் எடுக்கவேண்டும். எடுத்தவர்கள் யார்? கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் மாத வேதனம் பெற்றோர், தோட்டத் துரைமார், பெருவணிகர். எமது கரையோரத்தில், கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களில், நெல்விற்ற போடியார் வீட்டிலும் தேநீர்க்கடையிலுமே பெட்டி இருந்தது. தேநீர்க்கடைப் பெட்டிக்குப் பத்திரம் ஒன்று. அதைச் சூழ்ந்து செய்தி கேட்டோரோ பலர். மருதமுனை நெசவாளரும் சாய்ந்தமருது மீனவரும் கேட்டார்களேயன்றிக் கணக்கில் ஏறவில்லை. பத்திரத்தை எண்ணி நேயரை எண்ணும் முறையில் இத்தகைய ஊர்கள் எப்போதும் சிறுத்தே தோன்றும்.

இரண்டாம் உலக யுத்தம் எதிர்பாராத ஒரு செல்வத்தைத் தந்து சென்றது. தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் தன் வீரர்களுக்காக அமைத்த வலிமிக்க சிற்றலை நிலையம், யுத்தம் முடிந்தபின் 1949இல் இலங்கை அரசினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டே இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. ஏக்கலைக் கம்பங்களிலிருந்து எழும் ஒலி இமயம் வரை எட்டும். சின்னஞ்சிறு தீவொன்றிற்கு அத்துணைப் பெரிய குரல் எதற்கு? அக்குரலை விற்கலாம் என்று கண்டனர் சிலர். 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை தொடங்கிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அதனை வளர்த்தார்.

அப்பொழுது இந்தியாவில் நடந்த ஒரு செயல் நமக்கு வாய்ப்பாயிற்று. 1952இல் அங்கே தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் இசையறிவைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதனை ஒடுக்கினார். மக்களின் செவியோ அமைச்சரின் ஆணைக்கு அடங்கவில்லை. அது கொழும்புப் பக்கம் திரும்பியது. அமீன் சயானி நடத்திய 'பினாகா கீத் மாலா' 1952 முதல் இலங்கையிலிருந்தே இந்தியா முழுவதும் ஒலித்தது. தமிழிலே எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்திருந்தன. பற்பசையும் சவர்க்காரமும் விற்கும் பம்பாய், சென்னைக் கம்பனிகள் பணத்தோடு வந்து காத்து நின்றன. அப்பணம் சிறிதன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். திணைக்களம் ஒன்று ஈட்டும் வருவாய் அதன் பெட்டிக்குப் போவதில்லை. திறைசேரியின் பொதுக் கணக்கிற்குப் போகிறது. செலவிற்கோ ஆண்டுதோறும் பாராளுமன்ற ஒதுக்கீட்டை எதிர்பார்த்து நிற்கவேண்டும். ஆகவே வானொலி மிகுதியாக உழைத்த காலத்திலும் அது தன் உழைப்பைக் கொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உடையதாயிருக்கவில்லை. இக்குறையைத் தீர்க்கவே 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1967 ஜனவரி 5ஆம் நாள் பிரதமர் டட்லி சேனாநாயக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி வைத்தார். நெவில் ஜயவீர அதன் தலைமையை ஏற்றார். வருவாயைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை ஒருவாறு கைகூடியது.

ஆனால் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1967ஆம் ஆண்டின் நவம்பர் முதலாம் நாள், இந்தியாவின் விவித பாரதி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. சினிமாப் பாட்டை அது 1957இலேயே மீட்டெடுத்து விட்டது. இனிப் பம்பாய் வணிகன் கடல் கடந்து கொழும்பிற்கு வரவேண்டிய தேவை யாது? இந்திய விளம்பரம் படிப்படியாக வற்றியது. கூட்டுத்தாபனம் கையிலே பணப்பெட்டியைப் பெற்ற ஆண்டிலேயே பெட்டியை நிரப்பிய ஊற்று அடைபடலாயிற்று. பிறர் நாட்டுக் கொள்கையொன்றினால் வந்த செல்வம் அக்கொள்கை மாறியதும் போனதில் வியப்பில்லை. இதற்காக வர்த்தக சேவையைப் பழிப்பது நன்றிகேடு. இன்று 'தென்றல்' என்னும் பெயரோடு இருக்கும் அச்சேவை தமிழ் அறிவிப்புக் கலைக்கு ஒரு பள்ளிக்கூடமாக விளங்கிற்று.

நான் வலியுறுத்த விரும்புவது வேறு. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் வானொலியின் செவியும் சாயும். விளம்பரம் தருபவன் கேட்கும் முதற் கேள்வி, என் பொருளை வாங்கும் ஆற்றலுடையோர் எத்தனை பேர் இதைக் கேட்பர் என்பது. அக்கேள்விக்குக் கல்முனைக் கரை ஒருபோதும் நல்ல விடை சொல்லவியலாது. தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் நாட்டிற் சிறுபான்மை. அச்சிறுபான்மையுள்ளும் தலைநகரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உழவும் மீன்பிடியும் நெசவும் செய்து வாழ்வோர் எம்மவர். எந்தக் கம்பனிக்கு எம்மேல் ஆசை பிறக்கும்? ஆயினும் முஸ்லிம் நிகழ்ச்சி எமது வீடுகளில் ஒலித்தது. திருக்குர்ஆன் விளக்கமும், இஸ்லாமிய இலக்கியப் பேச்சும், சிறுவர் நிகழ்ச்சியும், றமழானின் சஹர் வேளைச் சிறப்பு நிகழ்ச்சிகளும் தந்தது தேசிய சேவை. நாடகத்திற்குச் சானாவும், பேச்சுக் கலைக்குச் சோ. சிவபாதசுந்தரமும் வழிகாட்டிய சேவை அது. (லண்டன் பி. பி. சி.யின் தமிழ் ஒலிபரப்பிற்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டியவரும் இந்தச் சிவபாதசுந்தரமே.) இவற்றுள் எதையும் சந்தை கேட்டு வாங்கவில்லை.

தந்ததிலும் ஒரு குறை இருந்தது. கல்முனையில் ஞாயிறு கொழும்பைவிட ஏழெட்டு நிமிடங்கள் முந்தி மறைகிறது. றமழானிலே கொழும்பு நேரத்திற்கு ஒலிக்கும் மஃரிபு அதானைக் கேட்டு நோன்பு திறப்பவர் இங்கே வீணாய்க் காத்திருப்பார். அது பெரும் பிழையன்று. ஆனால் சஹர் வேளையில் கொழும்பின் சுபஹு அதான் வரை உண்டு கொண்டிருப்பவரின் நோன்பு என்னாவது? இதற்கு வானொலியார் கொழும்பு நேரம் என்று அறிவித்துத் தம் கடமையை முடித்துக்கொள்வர். ஊர்ப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியே எமக்குக் கை கொடுக்கும். இந்த ஏழெட்டு நிமிடத்தைச் சரிசெய்வதற்கு அறிவு வேண்டியதில்லை. இக்கரைக்கென ஒரு கலையகமும், நான்கு ஊழியரும், ஆண்டு தவறாத பணமும் வேண்டும். அம்பாறைக் கரையோரத்திற்கெனக் கூட்டுத்தாபனத்தின் கீழ்ப் பிறை எப். எம். தோன்றியபோது நாம் மகிழ்ந்ததன் காரணம் அதுவே.

அதான் நேரம் ஒரு சமூகத்தின் காரியம் என்று எண்ணுவோருக்கு வேறொன்று சொல்வேன். 2004 டிசம்பர் 26 காலை, ஆழிப்பேரலை முதலிற் கிழக்குக் கரையை அடித்தது. கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் காரைதீவும் நிந்தவூரும் அழிந்துகொண்டிருந்த வேளையில், தென்கரையில் விடுமுறை நாளின் அமைதி குலையவில்லை. எங்கள் கரை அடிபட்டதற்கும், ஒன்பதரை மணியளவிற் பெரலிய என்னுமிடத்தில் இரயில் வண்டியை அலை மூடியதற்கும் இடையே அரை மணிக்குக் குறையாத அவகாசம் இருந்தது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களை எந்த வானொலியும் காத்திருக்க இயலாது. ஆயின் பெரலியவில் மாண்டவர்களைக் காத்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்குவதில்லை. தொலைபேசி வீழ்ந்தாலும் வீழாத ஒரு தொடர்புக் கருவியும், அதனருகே வேதனம் பெற்று அமர்ந்திருக்கும் ஒரு மனிதனும் கிழக்குக் கரையில் இருந்திருக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் பயன்படாத ஒன்றிற்கு மாதந்தோறும் செலவிடுவதை எந்த வர்த்தகனும் நட்டம் என்றே எழுதுவான். பொதுப்பணி ஒலிபரப்பென்பது அத்தகைய நட்டங்களைத் தெரிந்தே ஏற்பதாகும்.

1990களிலே தனியார் வானொலிகள் வந்தன. அவை கலகலப்பைத் தந்தன. இளைஞரின் பேச்சுத் தமிழை மேடையேற்றின. விளம்பரப் பணத்திற் பெரும்பகுதி அவற்றின் பக்கம் போயிற்று. அனுமதிப்பத்திரமும் வழக்கொழிந்தது, கைக்கடக்கமான ட்ரான்சிஸ்டர் பெட்டிகள் பெருகிய பின் யாரிடம் பெட்டி உண்டு என்று தேடித் திரிவது பயனற்ற வேலையாகவே இருந்தது. எஞ்சியது திறைசேரி. அரசினர் கொடுத்தால் உண்டு, கொடாவிடில் இல்லை என்ற நிலையில் வாழும் நிறுவனம், கொடுப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ளும். தேர்தற் காலத்தில் அரச ஒலிபரப்பு நெறி தவறினால் அதன் அரசியல் ஒலிபரப்பை மேற்பார்க்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரைத் தேர்தல் ஆணைக்குழு நியமிக்கலாம் என்று 2001ஆம் ஆண்டின் 17ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில் எழுத நேர்ந்ததே, நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டும்.

இவ்விடத்திற் சட்டத்துறையின் ஒரு தீர்ப்பை நினைவூட்ட வேண்டும். முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைக் கூட்டுத்தாபனம் திடீரென நிறுத்தியபோது, அதிற் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்ணான்டோ வழங்கிய தீர்ப்பு, அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று கண்டது. ஒலியலைகள் அளவிற் குறுகிய பொதுச்சொத்து, பொதுநன்மைக்கே அவை பயன்படவேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. நேயர் இரவலர் அல்லர், உரிமையாளர் என்று அதற்குப் பொருள். உரிமையாளராயின் செலவிலும் பங்கு கொள்ளவே வேண்டும். பங்கு கொடுத்தவரின் கேள்விக்குத்தான் வலு உண்டு.

பிற நாட்டினர் செய்வதைப் பார்ப்போம். ஜேர்மனியில் 2013 முதல் வானொலிப் பெட்டியைத் தேடுவதில்லை. ஒவ்வொரு குடித்தனமும் ஒரு தொகை செலுத்துகிறது. எவ்வளவு தேவை என்பதை அமைச்சர் கூறுவதில்லை. சுதந்திரமான நிபுணர் குழு கணக்கிட்டுப் பரிந்துரைக்கிறது. 2020இல் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் உயர்வுக்கு இணங்க மறுத்தது. அம்மறுப்பு ஒலிபரப்பின் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து, மாதம் 18.36 யூரோ என்ற தொகையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. சுவிற்சர்லாந்திலே கட்டணத்தை ஒழிக்கலாமா என்று 2018இல் மக்களையே கேட்டனர்; நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு மேல் வேண்டாம், இருக்கட்டும் என்றனர். நான்கு மொழி பேசும் நாடு அது. சிறு மொழியினரின் ஒலிபரப்பைக் கட்டணமே தாங்குகிறது என்பது வாதத்தில் முன்னின்றது. எதிர்ப்புறத்தில் அமெரிக்காவைக் காண்க. 1967 முதல் கூட்டாட்சி அரசின் மானியத்தைப் பொது ஒலிபரப்பு நிலையங்களுக்குப் பகிர்ந்து வந்த நிறுவனத்திடமிருந்து, 2025 ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரே வாக்கெடுப்பில் 110 கோடி டொலரை மீளப் பெற்றுக்கொண்டது. பெருநகர் நிலையங்கள் நன்கொடையாற் பிழைக்கும். அலாஸ்காவின் சிற்றூர் நிலையங்களுக்கே முதற் சேதம். கொடுக்கும் கை அரசியற் கையாயிருந்தால் எடுக்கும் கையும் அதுவே.

எனது கருத்து குடும்பந்தோறும் ஒரு சிறு பங்கு என்பதே. இக்கரையில் இது புதுமையன்று. எமது பள்ளிவாசல்களை நோக்குக. குடிதோறும் ஒரு மரைக்கார். தம் குடியினரிடம் பங்கு திரட்டிப் பள்ளிக்குச் சேர்ப்பது அவர் கடமை. செல்வனும் கொடுக்கிறான், சிறியவனும் கொடுக்கிறான். கொடுத்த காரணத்தால் கதீபின் குத்பாவைத் திருத்த எவனும் முயல்வதில்லை. கொடுத்த காரணத்தாலேயே கணக்கைக் கேட்க எவனும் கூசுவதுமில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டிலே 52 இலட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் உள. வறுமைக்காக அரச உதவி பெறுவோர் என மூன்றில் ஒரு பங்கினரை விலக்கி, ஏனையோரிடம் மின்சாரப் பட்டியலோடு மாதம் 25 ரூபா வாங்கினாலும் ஆண்டிற்கு நூறு கோடி ரூபாவை ஒட்டிய தொகை சேரும். ஒரு கோப்பை தேநீரின் விலைகூட ஆகாத பணம் அது.

அரசின் முரசை அடிப்பதற்கு நான் ஏன் கோல் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்பார். அவர் கேட்பது முற்றிலும் நியாயமே. ஆதலின் பங்கு வாங்குமுன் முரசைக் கைமாற்ற வேண்டும். சேரும் பணம் திறைசேரியினுள் நுழையாது தனி நிதியமாய் நிற்கவேண்டும்; தொகையை ஐந்தாண்டிற்கு ஒருமுறை சுதந்திரமான குழுவொன்று கணிக்கவேண்டும்; நிருவாக சபையை அமைச்சர் தம் விருப்பிற்கு நியமிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். விளம்பரத்தை முற்றாக விலக்குமாறு நான் சொல்லேன்; செய்தியிலும் சமய நிகழ்ச்சியிலும் சிறுவர் நிகழ்ச்சியிலும் அது கூடாது. நிதியத்தின் ஒரு பங்கு மாகாணக் கலையகங்களுக்கென்று சட்டத்திலேயே எழுதப்படாவிடில், கொழும்பு அதனையும் உண்டுவிடும் என்பது எமது அனுபவம்.

இதற்கு 1966ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்தம் எழுதுவோர் கணக்காளரோடும் சட்டத்தரணிகளோடும் கொழும்பில் இருந்துவிடாது, மன்னாரிலும் பதுளையிலும் கல்முனையிலும் ஒவ்வோர் அமர்வு வைத்து நேயரையும் கேட்பாராக. கல்முனையில் அவ்வமர்வு நடக்குமாயின், முதலாவதாகச் சாட்சி சொல்ல வருவோர் கடற்றொழிலாளராயிருப்பர் என்று துணிந்து கூறுவேன். வானிலை அறிவிப்பை அவர்களைப்போல் ஊன்றிக் கேட்போர் இந்நாட்டில் வேறெவருமிலர்.